பெருங்குடல் புற்றுநோய்: கீமோவுக்கு முன் பார்க்க வேண்டிய சாயப் பரிசோதனை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்குக் கீமோ தேவையா இல்லையா என்பதை ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையால் சொல்லிவிடலாம் என்னும் பொருளில் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். அரசு மருத்துவக் கல்லூரிகளின் நோய்க்குறியியல் துறையில் முப்பத்தோரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். கட்டுரை வந்த வாரத்திலேயே தெரிந்தவர்கள் மூன்று பேர் தொலைபேசியில் அழைத்து, அந்தப் பரிசோதனையை எங்கே செய்கிறார்கள், நகையை அடகு வைத்தாவது செய்துவிடலாமா என்று கேட்டார்கள். மூவரிடமும் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "அறுத்தெடுத்த கட்டியில் எம்.எம்.ஆர். பார்த்தார்களா?" டி.என்.ஏ.வில் நேரும் பிழைகளைத் திருத்தும் புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று சாயமேற்றிப் பார்க்கும் பரிசோதனை அது. மூவருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. ஒருவர் தம் கையிலிருந்த ஆய்வறிக்கையை முழுவதும் வாசித்துக் காட்டினார். அதில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில், கட்டுரையில் இடம்பெறாத ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். கட்டி இருந்த குடல் பகுதியையும் அதைச் சேர்ந்த நிணநீர்க்கணுக்களையும் அறுவை மருத்துவர் முழுமையாக எடுத்துவிட்ட பிறகு, ஸ்கேனில் தெரியும்படி உடம்பில் நோய் எதுவும் இருப்பதில்லை. ஆனாலும் சிலருக்கு ஓரிரு ஆண்டுகளில் கல்லீரலிலோ நுரையீரலிலோ நோய் திரும்பி வருகிறது. அறுவைக்கு முன்பே கட்டியிலிருந்து பிரிந்து போய் எங்கோ தங்கிவிட்ட புற்றுச் செல்கள் அதற்குக் காரணம். அவற்றை அழிக்கத்தான் கீமோ கொடுக்கிறார்கள். கட்டி குடல் சுவரைத் துளைத்திருந்தும் கணுக்களை எட்டாமல் இருந்தால் இரண்டாம் நிலை என்றும், கணுக்களை எட்டியிருந்தால் மூன்றாம் நிலை என்றும் பிரிக்கிறோம். இரண்டாம் நிலையில் நூற்றில் ஏறக்குறைய எண்பது பேரும், மூன்றாம் நிலையில் ஏறக்குறைய பாதிப் பேரும் அறுவை சிகிச்சையாலேயே குணமாகிவிடுகிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கும் கீமோவால் அவர்களுக்குப் பயன் ஏதும் இல்லை. ஆனால் அவர்கள் யார் யார் என்று நமக்குத் தெரியாததால் எல்லோருக்கும் கொடுக்கிறோம். கட்டியின் மரபணுக்களிலும் புரதங்களிலும் தெரியும் அடையாளங்களான மூலக்கூறு குறியீடுகளைப் பற்றிய ஆராய்ச்சி முழுவதும் இந்தத் தெரியாமையைக் குறைப்பதற்காகவே நடக்கிறது.

தேவையில்லாமல் கீமோ கொடுத்தால் என்ன குறைந்துவிடப் போகிறது, பாதுகாப்புக்குத்தானே என்று கேட்பவர்கள் உண்டு; மருத்துவர்களிலும் உண்டு. 2,246 நோயாளிகளைக் கொண்டு நடந்த மொசைக் ஆய்வு 2004ஆம் ஆண்டில் வெளிவந்த பிறகுதான், பழைய ஃப்ளூரோயுராசில் மருந்தோடு ஆக்சாலிபிளாட்டினையும் சேர்த்துக் கொடுப்பது உலகெங்கும் வழக்கமானது. அதே ஆய்வின் ஆறாண்டு முடிவுகளில், மூன்றாம் நிலையில் ஆக்சாலிபிளாட்டின் சேர்த்தவர்களில் 72.9 விழுக்காட்டினரும் சேர்க்காதவர்களில் 68.7 விழுக்காட்டினரும் உயிரோடு இருந்தார்கள். இரண்டாம் நிலையில் வேறுபாடே தென்படவில்லை. மூன்றாம் நிலையில் கிடைக்கும் அந்த நான்கு விழுக்காடு பெரிய விஷயம். அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த மருந்து எடுத்துக்கொண்டவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்குச் சிகிச்சைக் காலத்தில் கை கால் நரம்புகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. பின்னர் 12,834 பேரின் விவரங்களைத் திரட்டி 2018இல் வெளிவந்த ஐடியா கூட்டாய்வு, மூன்றாம் நிலையிலேயே ஆபத்துக் குறைந்தவர்களுக்கு, குறிப்பாக ஆக்சாலிபிளாட்டினோடு கேப்சிடபின் மாத்திரை எடுப்பவர்களுக்கு, ஆறு மாதத்துக்குப் பதில் மூன்று மாதமே போதும் என்று காட்டியதும், மூன்று மாதத்தோடு நிறுத்தியவர்களிடம் நரம்புப் பாதிப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததும் இதனால்தான் பெரிதாகப் பேசப்பட்டன.

நரம்புப் பாதிப்பு என்று அறிக்கையில் இரண்டே சொற்களில் எழுதிவிடுகிறோம். நான் பணியாற்றிய ஊரில் கோயில் வாசலில் பூக்கட்டி விற்ற ஓர் அம்மையாருக்கு நாற்பத்து மூன்று வயதில் பெருங்குடலின் வலப்பக்கத்தில் கட்டி வந்தது. அறுத்தெடுத்த குடல் எங்கள் துறைக்கு வந்தது. அறிக்கை எழுதியவன் நான். கணுக்கள் பதினாறு கிடைத்தன, ஒன்றில்கூட நோய் இல்லை. இரண்டாம் நிலை. வயது குறைவு என்பதால் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் அவருக்கு ஆக்சாலிபிளாட்டினோடு ஆறு மாதம் கீமோ கொடுத்தார்கள். குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் ஊசி குத்துவதுபோல் இருக்கிறது என்று முதல் மாதத்திலேயே சொன்னார். மருந்து முடிந்த பிறகு விரல் நுனிகள் மரத்துப் போயின. பூக்கட்டுவது முழுக்க முழுக்க விரல் நுனியின் வேலை: இடக்கை விரல்களுக்கிடையே இரண்டிரண்டாக மல்லிகை மொட்டுகளை எதிரெதிராக வைத்து, வலக்கையால் வாழைநாரைச் சுற்றி முடிச்சிட வேண்டும், மொட்டு நசுங்கவும் கூடாது, நழுவவும் கூடாது. அவருக்கு மொட்டு கையில் இருக்கிறதா விழுந்துவிட்டதா என்றே தெரியவில்லை. ஒரு முழம் கட்ட ஆகும் நேரத்தில் பக்கத்துக் கடைக்காரப் பெண் ஐந்து முழம் கட்டி முடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கடைக்கு வருவதையே விட்டுவிட்டார்.

அடுத்த ஆண்டு, குடல் அடைத்துக்கொண்டு அவசர அறுவை சிகிச்சைக்கு வந்த முப்பத்தெட்டு வயது ஆணின் குடல் எங்கள் மேசைக்கு வந்தது. கூடவே வந்த விண்ணப்பத் தாளில் "அக்காவுக்கும் இதே நோய்" என்று பயிற்சி மருத்துவர் ஒருவர் எழுதியிருந்தார். அந்த அக்கா யார் என்று விசாரித்தபோதுதான் பூக்கார அம்மையார் என்று தெரிந்தது. அலமாரியிலிருந்து அவருடைய பாரஃபின் பிளாக்கை, அதாவது மெழுகில் பதித்து வைத்திருந்த கட்டித் துண்டை, எடுத்து, இரண்டு பேர் கட்டிகளுக்கும் சேர்த்து எம்.எம்.ஆர். சாயப் பரிசோதனை செய்தோம். இரண்டிலும் ஒரே குறை. தம்பிக்கு நோய் அதற்குள் ஏழு கணுக்களை எட்டியிருந்தது. அந்தப் பரிசோதனையை அக்காவின் கட்டியில் நான் முதலிலேயே செய்திருந்தால், அவருக்கு அந்தக் கீமோ தேவைப்பட்டிருக்காது. தம்பிக்குக் கட்டி பெரிதாகும் முன்பே குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்திருப்பார்கள். யாரும் கேட்கவில்லை என்பதால் நான் செய்யவில்லை. இதை இங்கே எழுதாமல் மற்றவர்களுக்கு யோசனை சொல்ல எனக்கு உரிமையில்லை.

அந்தப் பரிசோதனை என்ன என்பதைச் சொல்கிறேன். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது தன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுக்கிறது; படியெடுக்கும்போது எழுத்துப் பிழைகள் நேர்வது இயல்பு. தங்கள் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்ப்பவர்கள் இருப்பதுபோல, செல்லுக்குள்ளும் அந்தப் பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கென்றே புரதங்கள் இருக்கின்றன. எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 என்பவை அவற்றில் முக்கியமான நான்கு. முதலிரண்டும் ஒரு சோடி, அடுத்த இரண்டும் ஒரு சோடி. எம்.எல்.எச்.1 இல்லாமல் போனால் அதன் துணையான பி.எம்.எஸ்.2உம் நிலைப்பதில்லை, எம்.எஸ்.எச்.2 போனால் எம்.எஸ்.எச்.6உம் போய்விடும். பெருங்குடல் கட்டிகளில் ஏறத்தாழ நூற்றில் பதினைந்து இப்படித் திருத்தும் ஆற்றலை இழந்தவை. பிழைகள் திருத்தப்படாமல் குவிந்துகொண்டே போவதால் அந்தக் கட்டியின் செல்கள் நம் நோயெதிர்ப்பு அணுக்களுக்கு அந்நியமாகத் தெரிகின்றன. மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது, அத்தகைய கட்டியைச் சூழ்ந்தும் அதற்குள் புகுந்தும் வெள்ளணுக்கள் மொய்த்துக் கிடப்பதை அடிக்கடி காணலாம். இரண்டாம் நிலையில் இந்த வகைக் கட்டி உள்ளவர்களுக்கு நோய் திரும்புவது பொதுவாகக் குறைவாக இருப்பதற்கு இதுவே காரணமாகக் கருதப்படுகிறது.

சோதிக்கும் முறையும் எளிது. கட்டியிலிருந்து சீவியெடுத்த மெல்லிய ஏடுகளில் நான்கு புரதங்களுக்கும் தனித்தனியாகச் சாயம் ஏற்றுகிறோம். புரதம் இருந்தால் செல்லின் உட்கரு பழுப்பு நிறமாகும். இல்லாவிட்டால் கட்டிச் செல்களின் உட்கருக்கள் வெறும் நீலமாக நிற்க, பக்கத்திலேயே இருக்கும் அந்த நோயாளியின் இயல்பான செல்கள் மட்டும் பழுப்பாகத் தெரியும். அந்தப் பூக்கார அம்மையாரின் ஸ்லைடில் எம்.எஸ்.எச்.2 சாயத்தை நான் பார்த்தபோது, கட்டி இருந்த இடம் முழுவதும் நீலமாகவும், அதனூடே சிதறிக் கிடந்த வெள்ளணுக்கள் மிளகைத் தூவியதுபோல் பழுப்பாகவும் இருந்தன. வெகு தூரத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய பரிசோதனை அல்ல இது. மார்பகப் புற்றுநோய்க்கு ஹார்மோன் ஏற்பிகளைப் பார்க்கும் அதே முறைதான். அந்த வசதி உள்ள எந்த ஆய்வகத்திலும் இதையும் செய்யலாம். செலவு சில ஆயிரம் ரூபாய்.

சிகிச்சையில் இது என்ன மாற்றம் தரும் என்பதற்கு இருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சான்று இருக்கிறது. 570 பேரின் கட்டிகளை ஆராய்ந்து 2003இல் வெளிவந்த ஆய்வே, இக்குறை உள்ள கட்டிகளுக்கு ஃப்ளூரோயுராசில் கீமோவால் பயன் தெரியவில்லை என்று முதன்முதலில் உரக்கச் சொன்னது. சார்ஜென்ட் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு அதை உறுதிப்படுத்தியதோடு, இரண்டாம் நிலையில் அந்த மருந்தை மட்டும் கொடுப்பது தீங்காகவும் முடியலாம் என்று எச்சரித்தது. ஆகவேதான் இக்குறை உள்ள இரண்டாம் நிலை நோயாளிகளுக்குப் பொதுவாகக் கீமோ வேண்டாம், கண்காணிப்பு போதும் என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன.

அதே குறை மூன்றாம் நிலையில் வேறொரு கதவைத் திறக்கிறது. வெள்ளணுக்கள் கட்டியைச் சூழ்ந்திருந்தும் அதைத் தாக்கவிடாமல் பிடித்து நிறுத்தும் தடையை நீக்குவது இம்யூனோதெரபி. இத்தகைய கட்டி உள்ள மூன்றாம் நிலை நோயாளிகள் 712 பேரைக் கொண்டு நடந்த அட்டாமிக் ஆய்வின் முடிவுகள் 2025 ஜூனில் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் வெளியிடப்பட்டன. வழக்கமான கீமோ மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு ஏறக்குறைய 76 பேர். அதனுடன் அட்டிசோலிசுமாப் மருந்தும் பெற்றவர்களில் ஏறக்குறைய 86 பேர். நோய் திரும்பும் அபாயம் பாதியாகக் குறைந்தது. இந்த மருந்தின் விலை பல லட்சம் ரூபாய் என்பதும், பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் யாருக்கு அது தேவை என்பதையே கண்டறியாமல் இருந்தால், விலை குறையும் நாளில்கூட அது நம் மக்களை வந்தடையாது. அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்யத் திட்டமிடுவதானாலும் முதலில் வேண்டியது எத்தனை பேர் என்னும் கணக்குத்தான்.

நோயாளியின் சிகிச்சையைப் பற்றி மட்டும் பேசினால் இந்தப் பரிசோதனையின் பாதிப் பயனைத்தான் சொன்னதாகும். இக்குறை உள்ள கட்டிகளில் பெரும்பாலானவை வயதானவர்களிடம் தற்செயலாக எம்.எல்.எச்.1 மரபணு அடங்கிப் போவதால் வருபவை. அவற்றுக்கும் பரம்பரைக்கும் தொடர்பில்லை. பி-ராஃப் மரபணு மாற்றத்தையோ, எம்.எல்.எச்.1 அடங்கிப் போயிருப்பதையோ பார்த்து அவற்றைப் பிரித்தறியலாம். எஞ்சியவர்களில் பலருக்கு இது பிறவியிலேயே வந்த குறை. லிஞ்ச் நோய்க்குறி என்று அதற்குப் பெயர். பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் சரிபாதி வாய்ப்பில் அது வரும். 1895ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோய்க்குறியியல் மருத்துவராக இருந்த ஆல்ட்ரெட் வார்த்தின் என்பவரிடம், அவருக்குத் துணி தைத்துக் கொடுத்த பெண், தன் குடும்பத்தில் எல்லோரும் குடல் புற்றாலோ கர்ப்பப்பைப் புற்றாலோ இறந்ததாகவும் தானும் அப்படித்தான் இளவயதில் போகப் போவதாகவும் சொன்னார். அவர் சொன்னபடியே நடந்தது. அந்தக் குடும்பத்தின் வரலாற்றைத் தேடித் தொகுத்து வார்த்தின் 1913இல் வெளியிட்டதுதான் இந்த நோய்க்குறியைப் பற்றிய முதல் பதிவு. ஒரு தையல்காரப் பெண் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்ட அந்த மனிதரை, பூக்கார அம்மையாரின் தாயார் எதனால் இறந்தார் என்று தம்பியின் குடல் வந்த பிறகு கேட்டுத் தெரிந்துகொண்ட நான் பலமுறை நினைத்துக்கொண்டிருக்கிறேன். தாயார் இறந்தது கர்ப்பப்பைப் புற்றுநோயால்.

லிஞ்ச் நோய்க்குறி உள்ளவர் என்று தெரிந்துவிட்டால் செய்வதற்கு நிறையவே இருக்கிறது. ஓராண்டு, ஈராண்டுக்கு ஒரு முறை குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி செய்து, கட்டி புற்றாக மாறும் முன்பே எடுத்துவிடலாம். பெண்களுக்குக் கர்ப்பப்பையில் வருவதை முன்கூட்டியே கவனிக்கலாம். இக்குறை உள்ள 861 பேரைக் கொண்டு நடந்த காப்-2 ஆய்வில், நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் வீதம் இரண்டாண்டு எடுத்துக்கொண்டவர்களில் நீண்ட கால நோக்கில் 9 விழுக்காட்டினருக்கும், எடுக்காதவர்களில் 13 விழுக்காட்டினருக்கும் பெருங்குடல் புற்று வந்தது. ஒரு நோயாளியின் கட்டியில் சில ஆயிரம் ரூபாய்க்குச் செய்யும் சாயப் பரிசோதனையால் அவருடைய உடன்பிறப்புகளும் பிள்ளைகளும் பிழைக்க வழி கிடைக்கிறது. என் துறையில் இதற்கு ஈடான வேறொரு பரிசோதனையை நான் அறியேன்.

ஆஸ்பிரினைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஸ்வீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் 33 மருத்துவமனைகளில் நடந்த அலாஸ்கா என்னும் ஆய்வின் முடிவுகள் 2025இல் வெளிவந்தன. பெருங்குடல், மலக்குடல் கட்டிகளில் ஏறக்குறைய நூற்றுக்கு 37 கட்டிகளில் பி.ஐ.3.கே. என்னும் செல்வளர்ச்சிப் பாதையின் மரபணுக்களில் மாற்றம் இருந்தது. அப்படிப்பட்ட 626 பேருக்கு அறுவைக்குப் பிறகு மூன்றாண்டுகள் தினமும் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின் அல்லது வெற்று மாத்திரை கொடுத்தார்கள். அந்தப் பாதையின் முதன்மையான மாற்றம் உள்ளவர்களில், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 14.1 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 7.7 விழுக்காட்டினருக்கே திரும்பியது. மாரடைப்பு வந்தவர்கள் வீட்டில் எல்லாம் இருக்கும், ஒரு பட்டையே சில ரூபாய்க்குக் கிடைக்கும் மாத்திரை இது. மருந்து மலிவு, மரபணு மாற்றத்தைக் கண்டறியும் பரிசோதனைதான் இன்று விலை கூடியது. அந்த ஒரு மாற்றத்தை மட்டும் குறைந்த செலவில் பார்க்கும் முறையை நம் அரசு ஆய்வகங்கள் அமைத்துக்கொண்டால், நம்மைப் போன்ற மாநிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான புற்றுநோய் மருந்து கிடைப்பது அரிது என்பது என் கருத்து. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகவே ஆஸ்பிரின் எடுக்கத் தொடங்கிவிட வேண்டாம். வயிற்றிலோ மூளையிலோ ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடிய மருந்து அது, அந்த ஆய்விலும் கடுமையான பக்கவிளைவுகள் ஆஸ்பிரின் எடுத்தவர்களிடமே கூடுதலாக இருந்தன.

இனி, தங்கள் கட்டுரை பேசிய ரத்தப் பரிசோதனைக்கு வருகிறேன். புற்றுச் செல்கள் அழியும்போது அவற்றின் டி.என்.ஏ. துணுக்குகள் ரத்தத்தில் கலக்கின்றன. கட்டி எடுக்கப்பட்ட சில வாரங்களுக்குப் பிறகும் அத்துணுக்குகள் ரத்தத்தில் காணப்பட்டால், எங்கோ நோய் மிச்சம் இருக்கிறது என்று பொருள். கருத்து அருமையானது. ஆஸ்திரேலியாவில் ஜீன் டை, பீட்டர் கிப்ஸ் ஆகியோர் நடத்திய டைனமிக் ஆய்வு 2022இல் வெளிவந்தபோது நானும் மகிழ்ந்தேன். இரண்டாம் நிலை நோயாளிகள் 455 பேரில், அறுவைக்குப் பின் நான்காவது, ஏழாவது வாரங்களில் எடுத்த ரத்தத்தை வைத்து முடிவெடுத்த குழுவில் 15 விழுக்காட்டினருக்கே கீமோ கொடுத்தார்கள். வழக்கமான முறையில் முடிவெடுத்த குழுவில் 28 விழுக்காட்டினருக்குக் கொடுத்தார்கள். ஈராண்டு முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முறையே 93.5, 92.4 விழுக்காடு. அதாவது கீமோ பெறுவோரின் எண்ணிக்கையை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தும் இழப்பு நேரவில்லை.

ஆனால் கட்டுரையாளர் இதை எல்லா நிலைகளுக்கும் பொதுவாக்கி எழுதிவிட்டார். அதே குழுவினர் மூன்றாம் நிலையில் நடத்திய ஆய்வின் முடிவுகள் 2025இல் வெளிவந்தன. ரத்தத்தில் துணுக்குகள் காணப்படாதவர்களுக்குக் கீமோவைக் குறைத்தபோது, மூன்றாண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் சுமார் 85 விழுக்காடு; குறைக்காதவர்களில் சுமார் 88 விழுக்காடு. குறைத்தாலும் சமம்தான் என்று அந்த ஆய்வால் நிறுவ முடியவில்லை. துணுக்குகள் காணப்பட்டவர்களுக்குக் கீமோவைக் கூட்டிக் கொடுத்தும் பயன் கூடவில்லை. இரண்டாம் நிலையிலேயே அமெரிக்காவில் நடந்த கோப்ரா ஆய்வு பாதியில் நிறுத்தப்பட்டது: துணுக்குகள் காணப்பட்டவர்களில், கீமோ பெற்ற ஒன்பது பேரில் ஒருவருக்கும், எதுவும் பெறாத ஏழு பேரில் மூவருக்கும் ஆறு மாதத்தில் அவை மறைந்திருந்தன. மருந்தே இல்லாமல் மறைகிறது என்றால், முதலில் காட்டியதே சரிதானா என்னும் கேள்வி எழுகிறது. அது ஒரு குறிப்பிட்ட வகைப் பரிசோதனையில் நேர்ந்தது. நோயாளியின் சொந்தக் கட்டியின் மரபணு மாற்றங்களைத் தேடிப் பார்க்கும் வகை வேறு, பொதுவான அடையாளங்களைத் தேடும் வகை வேறு. விளம்பரங்களில் இவ்விரண்டும் ஒரே பெயரில்தான் வருகின்றன.

இதற்கு முன்பும் நாம் இப்படி அவசரப்பட்டிருக்கிறோம். கே-ராஸ் மரபணு மாறாத கட்டிகளில், நோய் பரவிய நிலையில் செட்டுக்சிமாப் என்னும் மருந்து நன்றாக வேலை செய்கிறது. அதனால் அறுவைக்குப் பின் மூன்றாம் நிலையிலும் வேலை செய்யும் என்று எல்லோரும் நம்பினோம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளில், கே-ராஸ் மாறாதவர்களுக்குக்கூட அதனால் ஒரு பயனும் இல்லை என்று தெரிந்தது. நோய் எப்படிப்பட்டது என்று ஒரு குறியீடு சொல்வது வேறு. அதற்கு இன்ன மருந்தைக் கொடு, இன்ன மருந்தைக் கொடுக்காதே என்று சொல்லும் தகுதியை அது பெறுவது வேறு. எம்.எம்.ஆர். அந்தத் தகுதியைப் பெற்றுவிட்டது. ரத்தப் பரிசோதனை இரண்டாம் நிலையில் அதை நெருங்கிக்கொண்டிருக்கிறது, மூன்றாம் நிலையில் இன்னும் பெறவில்லை. எம்.எம்.ஆர். பார்க்காத ஒருவர் நகையை அடகு வைத்து ரத்தப் பரிசோதனைக்குப் போவது முறையல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

கட்டியை விட்டு, நோயாளியின் சொந்த மரபணுவில் பார்க்க வேண்டிய ஒன்றையும் சுருக்கமாகக் குறிப்பிட வேண்டும். ஃப்ளூரோயுராசிலையும் கேப்சிடபினையும் உடம்பில் சிதைத்து வெளியேற்றும் டி.பி.டி. என்னும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்கு வழக்கமான அளவே நஞ்சாகி, முதல் சுற்றிலேயே உயிர் போகக்கூடும். ஐரோப்பிய மருந்து முகமை 2020ஆம் ஆண்டிலிருந்து இதை முன்கூட்டிச் சோதிக்கப் பரிந்துரைக்கிறது. நம் புற்றுநோய் மருத்துவர்களும் இதைப் பற்றி நோயாளிகளிடம் பேசத் தொடங்க வேண்டும்.

எந்தப் பரிசோதனையும் நல்ல மாதிரி இருந்தால்தான் நடக்கும். தம்பியின் குடலை முதலில் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட கவலையைச் சொல்கிறேன். அறுவை அரங்கில் எடுத்த குடலை நீளவாக்கில் திறக்காமல், ஒரு சிறிய பிளாஸ்டிக் டப்பாவில் திணித்து, திசுவை அழுகாமல் காக்கும் ஃபார்மலினை மூழ்கும் அளவுக்குக்கூட ஊற்றாமல், சனிக்கிழமை மாலை எடுத்ததைத் திங்கட்கிழமை அனுப்பியிருந்தார்கள். மேற்புறம் மட்டும் விறைத்திருந்தது. உள்ளே கட்டி அழுகத் தொடங்கியிருந்தது. அழுகிய திசுவில் சாயம் ஏறாது, டி.என்.ஏ.வும் சிதைந்துவிடும். கட்டியின் ஒரு விளிம்பில் நல்ல பகுதி கிடைத்ததால் தப்பினோம். குடலைத் திறந்து, மாதிரியைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலினில் மூழ்கும்படி வைக்க எந்தப் புதுக் கருவியும் வேண்டாம். ஒரு பெரிய வாளியும், அதைக் கவனிக்கும் ஒரு செவிலியரும் போதும். கொலோனோஸ்கோப்பியின்போது எடுக்கும் பயாப்சித் துணுக்கு சிறியது என்பதால் ஃபார்மலின் அதில் நன்றாக ஊறுகிறது, எம்.எம்.ஆர். சாயத்தை அதிலேயே செய்துவிட்டால் அறுவைக்கு முன்பே விடை கையில் இருக்கும். அதேபோல, குடலைச் சுற்றியுள்ள கொழுப்பை விரலால் தடவித் தடவிக் குறைந்தது பன்னிரண்டு கணுக்களையாவது தேடியெடுப்பதை நோய்க்குறியியல் மருத்துவர்கள் சலிப்பில்லாமல் செய்ய வேண்டும். நான்கு கணுக்களைப் பார்த்துவிட்டு இரண்டாம் நிலை என்று எழுதினால், அதன்மேல் செய்யும் எந்த மூலக்கூறு பரிசோதனையும் தவறான கேள்விக்குப் பதில் தேடுவதாகிவிடும்.

ஆகவே நான் வேண்டுவது இதுதான். பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் என்று உறுதியாகும் ஒவ்வொரு மாதிரியிலும், யாரும் கேட்கும் வரை காத்திராமல், நோய்க்குறியியல் துறையே எம்.எம்.ஆர். சாயத்தைச் செய்து அறிக்கையில் எழுதுவதை நம் மாநில அரசு மருத்துவமனைகளில் கட்டாயமாக்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை சிகிச்சைக்கு ஒதுக்கும் தொகையோடு இந்தப் பரிசோதனைக்கும் அதன் தொடர்ச்சியான மரபணு ஆலோசனைக்கும் உறுதியான இடம் இருக்க வேண்டும். எல்லா மருத்துவக் கல்லூரிகளிலும் உடனடியாக முடியாவிட்டால், மண்டலத்துக்கு ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுத்து மற்றவை அங்கே பிளாக்குகளை அனுப்பலாம். பாரஃபின் பிளாக்கை வெயில்படாமல் வைத்தால் பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும், தபாலில்கூட அனுப்பலாம்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் காணப்படாவிட்டால் கீமோ வேண்டாம் என்னும் வரி இரண்டாம் நிலைக்கு மட்டுமே இன்று ஓரளவு பொருந்தும் என்பதை ஒரு திருத்தமாக வெளியிட வேண்டுகிறேன். மூன்றாம் நிலையில் உள்ள ஒருவர் அந்த வரியை நம்பிக் கீமோவைக் கைவிட்டுவிட்டால் நேரும் இழப்பைப் பிறகு யாராலும் ஈடுசெய்ய முடியாது. அதோடு, குடலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் அவர்கள் வீட்டாரும் மருத்துவமனையை விட்டுக் கிளம்பும்போது நோய்க்குறியியல் அறிக்கையின் முழுப்படியையும், அதில் உள்ள பிளாக் எண்ணையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்தும்படி அந்தத் திருத்தத்தின் கீழேயே அச்சிட்டால் உதவியாக இருக்கும். ஏற்கெனவே அறுவை முடிந்து, எம்.எம்.ஆர். பார்க்காமல் விடப்பட்டவர்கள் அந்த எண்ணைச் சொல்லித் தங்கள் பிளாக்கை எடுத்துத் தரும்படி இன்றும் கேட்கலாம். பூக்கார அம்மையாருக்கு இரண்டு மகள்கள். அவர்களில் மூத்தவர் அப்படித்தான் தாயாரின் அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு பரிசோதனைக்கு வந்தார். அவருக்கும் அக்குறை இருப்பது தெரியவந்தது. அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது. ஆண்டுதோறும் தவறாமல் கொலோனோஸ்கோப்பி செய்துகொள்கிறார். இதுவரை இரண்டு சிறு கட்டிகளைப் புற்றாகும் முன்பே எடுத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நோய்க்குறியியல் பேராசிரியர்,
திருநெல்வேலி